குவேக் சிடி இமேஜ்: விளையாட்டு ஓடுகிறது, இசை மட்டும் வரவில்லை (இன்னும் இரண்டு வட்டுகளும்)

கேள்வி: சாளரம்98

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருக்கும் பழைய ஒரிஜினல் சிடிகள் கெட்டுப்போவதற்குள் இமேஜ் (வட்டின் நகலை ஃபைலாக) எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் விண்டோஸ் 11, 64 பிட். இமேஜ் எடுத்தது லினக்ஸ் லேப்டாப்பில். மூன்று வட்டுகள் மூன்று விதமாகத் தகராறு செய்கின்றன.

முதலாவது, குவேக், 1996 டாஸ் பதிப்பு. ஐஎஸ்ஓ இமேஜை டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டும் நிரல்) மவுண்ட் செய்து, அதாவது நிஜ சிடி போலத் திறந்து, இன்ஸ்டால் பண்ணினேன். விளையாட்டு நன்றாக ஓடுகிறது, துப்பாக்கிச் சத்தம், அரக்கர்கள் சத்தம் எல்லாம் கேட்கிறது, பின்னணி இசை மட்டும் இல்லை. எந்த எர்ரரும் காட்டவில்லை. அதே சிடியை சிடிஆர்டிஏஓ என்ற லினக்ஸ் நிரல் கொண்டு பின் (வட்டின் முழு நகல்), கியூ (அதன் ட்ராக் பட்டியல்) என்று இரண்டு ஃபைலாகவும் எடுத்திருக்கிறேன். அந்தப் பின் ஃபைலின் பெயரை ஐஎஸ்ஓ என்று மாற்றி டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் மவுண்ட் செய்ய மறுக்கிறது.

இரண்டாவது, விண்டோஸ் 95 காலத்துப் புதிர் விளையாட்டு ஒன்று. ஐஎஸ்ஓ மவுண்ட் ஆகிறது, செட்டப்பைக் கிளிக் செய்தால் "இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது" என்ற பெட்டி வருகிறது. கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 95 வைத்தும் அதேதான்.

மூன்றாவது, பேட்டில்ஃபீல்ட் 1942. இன்ஸ்டால் ஒழுங்காக முடிகிறது. ஐகானைத் தட்டினால் எதுவுமே நடப்பதில்லை.

எதில் தவறு, இமேஜிலா, விண்டோஸிலா?

---

பதில்: வட்டுக்காவலர்

குவேக்குக்கு மட்டும் சொல்கிறேன், மற்ற இரண்டும் வேறு வேறு நோய்.

அந்தச் சிடி கலப்பு வட்டு. முதல் ட்ராக்கில்தான் விளையாட்டு இருக்கிறது. 2 முதல் 11 வரையிலான பத்து ட்ராக்குகளும் சாதாரண ஆடியோ சிடி பாட்டுகள்; அந்த வட்டைப் பாட்டு கேட்கும் சிடி ப்ளேயரில் போட்டாலே இசை வரும். ஐஎஸ்ஓ என்பது ஒரே ஒரு டேட்டா ட்ராக்கின் உள்ளடக்கத்தை மட்டும் எழுதி வைக்கிற வடிவம், ஆடியோ ட்ராக்குக்கு அதில் இடமே கிடையாது. ஆக உங்கள் ஐஎஸ்ஓவில் இசை "கெட்டுப்போகவில்லை", ஏறவே இல்லை. குவேக் சிடி இல்லாமலும் ஓடும் விளையாட்டு என்பதால் எர்ரரும் காட்டாது, பேசாமல் இசையை விட்டுவிட்டு ஓடும்.

பெயர் மாற்றினால் ஏன் ஆகாது? சிடியில் ஒரு செக்டர் 2352 பைட். டேட்டா செக்டரில் முதல் 12 பைட் ஒத்திசைவுக் குறி, அடுத்த 4 பைட் முகவரி, அதன்பின் 2048 பைட் உண்மையான டேட்டா, மீதி 288 பைட் பிழை கண்டறியவும் திருத்தவும். ஐஎஸ்ஓ அந்த 2048ஐ மட்டும் அடுக்கி வைக்கிறது. பின் ஃபைல் 2352ஐயும் அப்படியே வைக்கிறது. பெயரை மாற்றினால் விண்டோஸ் 2048, 2048 ஆக எண்ணிப் போய் தப்பான இடத்தில் தேடும், ஒன்றும் கிடைக்காது. கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் ஃபைல் அளவை பைட்டில் பார்த்து வகுத்துப் பாருங்கள். 2352ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் செக்டரை முழுதாக வைத்த பின் வகை இமேஜ், 2048ஆல் வகுபட்டால் ஐஎஸ்ஓ. பெயரை யாரோ மாற்றி வைத்திருந்தாலும் அளவு பொய் சொல்லாது.

விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவைத் தானே மவுண்ட் செய்யும். பின்/கியூ ஜோடியைச் செய்யாது. டாஸ் விளையாட்டுக்கு அது தேவையும் இல்லை, டாஸ்பாக்ஸ் நேரடியாகவே கியூ ஃபைலைப் படிக்கும். செய்ய வேண்டியது:

முதலில் மவுண்ட் கட்டளையில் ஏதாவது ஒரு காலி ஃபோல்டரை சி ட்ரைவாக வையுங்கள். அடுத்து இமேஜ்மவுண்ட் கட்டளை (டாஸ்பாக்ஸில் அதைச் சுருக்கி ஐ-எம்-ஜி-மவுண்ட் என்று அடிக்க வேண்டும்): ட்ரைவ் எழுத்து டி, பிறகு கியூ ஃபைலின் முழுப் பாதை, கடைசியில் வகை ஐஎஸ்ஓ. வகை ஐஎஸ்ஓ என்றுதான் போட வேண்டும், ஆனால் காட்ட வேண்டிய ஃபைல் கியூ. பின் ஃபைலைக் காட்டினால் ட்ராக் பட்டியல் கிடைக்காது, மறுபடி இசை இல்லாத வட்டுதான். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

இன்ஸ்டால் முடிந்ததும் விளையாட்டுக்குள் டில்டா விசையைத் தட்டிக் கன்சோலைத் திறந்து "சிடி இன்ஃபோ" என்று அடியுங்கள். 11 ட்ராக் என்று காட்டினால் வட்டு முழுதாகத் தெரிகிறது என்று அர்த்தம். "சிடி ப்ளே 4" என்று அடித்தால் நான்காவது ட்ராக் ஒலிக்க வேண்டும். இந்த இரண்டு கட்டளையையும் முதலில் செய்து பார்த்துவிட்டால் அரை மணி நேரம் செட்டிங்கைத் துழாவுவது மிச்சம்.

இந்த ஏற்பாடு ஒரு தடவை சரியானதும் அந்த இரண்டு மவுண்ட் வரிகளையும் டாஸ்பாக்ஸ் கான்ஃபிக் ஃபைலின் அடியில் ஆட்டோஎக்செக் பகுதியில் எழுதிவிடுங்கள். சிடியை மவுண்ட் செய்யாமல் திறந்தால் மறுபடி ஊமைதான்.

---

பதில்: நிரல்நெசவு

மேலே சொன்னது டாஸ்பாக்ஸ் வழி. குவேக்கைப் பொறுத்தவரை எனக்கு அதைவிட நல்ல வழி புது எஞ்சினில் ஓட்டுவது. 1999 டிசம்பரில் அதன் மூல நிரல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியானது, அதை வைத்துக் கட்டியவைதான் குவேக்ஸ்பாஸம், அயர்ன்வெயில், விகேகுவேக் எல்லாம். நிரல் இலவசம், ஆனால் டேட்டா ஃபைல்கள் இலவசம் அல்ல. உங்களிடம் ஒரிஜினல் வட்டு இருப்பதால் பிரச்சினை இல்லை.

வட்டிலிருந்து வேண்டியவை இரண்டே ஃபைல்: பாக்0 (18,689,235 பைட்), பாக்1 (34,257,856 பைட்). எல்லாச் சிடியும் ஒரே மாதிரி அச்சானவை அல்ல. சிலவற்றில் இந்த இரண்டும் ஐடி1 என்ற ஃபோல்டரில் வெளியிலேயே இருக்கும். சிலவற்றில் ரிசோர்ஸ்.1 என்று ஒரே பெரிய ஃபைல்தான் தெரியும். அது எல்ஹெச்ஏ முறையில் சுருக்கியது, 7-ஜிப்பில் திறந்து உள்ளேயிருந்து எடுக்கலாம், டாஸ் இன்ஸ்டாலரை ஓட்டவே வேண்டாம். பாக்0 மட்டும் கிடைத்து பாக்1 கிடைக்கவில்லையென்றால் கையில் இருப்பது ஷேர்வேர் பதிப்பு: முதல் எபிசோடு மட்டும்தான்.

இசைக்கு பிசங்க் என்ற சின்னக் கருவி போதும், லினக்ஸில் களஞ்சியத்திலேயே இருக்கிறது. வேவ் வடிவத்துக்கு டபிள்யூ என்ற சுவிட்சைப் போட்டு, பிறகு பின் ஃபைல், கியூ ஃபைல், கடைசியில் அடிப்பெயராக "ட்ராக்" என்று கொடுங்கள். அது தானாகவே ட்ராக்01.ஐஎஸ்ஓ, ட்ராக்02.வேவ், ட்ராக்03.வேவ் என்று எண் போட்டு வெட்டித் தரும். குவேக்ஸ்பாஸம் எதிர்பார்க்கும் பெயரும் அதுவே. 02 முதல் 11 வரை உள்ளவற்றை ஐடி1 ஃபோல்டருக்குள் மியூசிக் என்று ஒரு ஃபோல்டர் திறந்து போடுங்கள். இடம் மிச்சம் வேண்டுமென்றால் ஆக், ஃப்ளாக் என்ற சுருக்கிய ஒலி வடிவங்களில் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம், சிடி ஆடியோ நிமிடத்துக்கு 10,584,000 பைட் தின்னும்.

எண்ணை மாற்றி 01 முதல் ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு மேப்பிலும் எந்த எண் ட்ராக் ஒலிக்க வேண்டும் என்று உள்ளேயே எழுதியிருக்கிறது, 01 டேட்டா ட்ராக்குக்குப் போய்விட்டது. ஒன்று தள்ளினால் எல்லா மேப்பிலும் தப்பான இசை.

---

சாளரம்98

இரண்டு வழியும் செய்தேன். சிடி இன்ஃபோ 11 காட்டுகிறது. ஆனால் இசைக்குப் பதிலாக "ஷ்ஷ்ஷ்" என்று காது கிழியும் இரைச்சல். பிசங்க் வெட்டிய வேவ் ஃபைலிலும் அதே இரைச்சல். இமேஜ் பழுதா?

---

பதில்: வட்டுக்காவலர்

பழுது இல்லை, பயப்படாதீர்கள். சிடிஆர்டிஏஓ ஆடியோவின் ஒவ்வொரு 16 பிட் எண்ணிலும் இரண்டு பைட்டை முன்பின்னாக மாற்றி எழுதும் வழக்கம் உடையது. அதன் சொந்த ட்ராக் பட்டியலான டாக் ஃபைலோடு அதே நிரலில் திருப்பி எழுதினால் சரியாக இருக்கும், கியூ வழியாக மற்ற நிரல்கள் படிக்கும்போதுதான் இரைச்சலாகும். டேட்டா ட்ராக்கை இது தொடுவதில்லை, விளையாட்டு ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

பிசங்கிலேயே எஸ் என்ற சுவிட்ச் இருக்கிறது, பைட்டைப் புரட்டிப் போடும். டபிள்யூ, எஸ் இரண்டையும் சேர்த்து மறுபடி வெட்டுங்கள். ஒரு வேவை மட்டும் ஹெட்ஃபோன் போடாமல், ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். இந்த இரைச்சல் முழு ஒலியில் வரும், ஸ்பீக்கருக்கும் நல்லதில்லை காதுக்கும் நல்லதில்லை.

குவேக்ஸ்பாஸத்துக்கு அத்தோடு முடிந்தது. டாஸ்பாக்ஸிலும் வேண்டுமென்றால் வெட்டிய துண்டுகளுக்கு நோட்பேடில் புதுக் கியூ ஒன்று எழுதிவிடலாம், கியூ வெறும் டெக்ஸ்ட்தான். முதல் ஃபைல் வரியில் ட்ராக்01.ஐஎஸ்ஓ, வகை பைனரி. அதன்கீழ் ட்ராக் 01, மோட்1/2048. இங்கே 2352 என்று பழைய கியூவில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டால் டி ட்ரைவ் திறக்காது, பிசங்க் வெட்டும்போது டேட்டா 2048 ஆகிவிட்டது. அதன்கீழ் இண்டெக்ஸ் 01, 00:00:00. அடுத்த ஃபைல் வரியில் ட்ராக்02.வேவ், வகை வேவ், ட்ராக் 02, ஆடியோ, ப்ரீகேப் 00:02:00, இண்டெக்ஸ் 01, 00:00:00. மீதி ஒன்பதுக்கும் ப்ரீகேப் இல்லாமல் இதே மூன்று வரிகள். அந்த நேரத்தின் கடைசி எண் நொடியின் பின்னம் அல்ல, ஃப்ரேம். நொடிக்கு 75 ஃப்ரேம். கியூவைத் துண்டுகள் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள்.

எதிர்காலத்துக்கு: விண்டோஸில் எடுப்பதானால் இம்க்பர்ன் என்ற நிரல் இத்தகைய கலப்பு வட்டைப் பார்த்ததும் பின்/கியூ ஆகவே எடுக்கும், பைட் வரிசையும் சரியாக இருக்கும். எடுத்த பிறகு பின் ஃபைலின் பெயரை மாற்ற நேர்ந்தால் கியூவுக்குள் இருக்கும் பெயரையும் மாற்றுங்கள். "கியூ மவுண்ட் ஆகவில்லை" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

---

பதில்: மரபுவழி

மற்ற இரண்டு வட்டுக்கு வருகிறேன்.

புதிர் விளையாட்டில் கோளாறு இன்ஸ்டாலரில். அந்தக் காலத்தில் விளையாட்டு 32 பிட்டாக இருந்தாலும் அதன் செட்டப் 16 பிட்டாக இருப்பது சகஜம், விண்டோஸ் 3.1 வைத்திருப்பவரிடம் "உங்களுக்கு விண்டோஸ் 95 வேண்டும்" என்று சொல்லவாவது அது ஓட வேண்டுமே. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரலை ஓட்டும் பகுதியே இல்லை, விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. கம்பாட்டிபிலிட்டி மோட் இல்லாத பகுதியை உண்டாக்காது. சில இன்ஸ்டாலர்களுக்கு (இன்ஸ்டால்ஷீல்டு 5, மைக்ரோசாஃப்டின் ஆக்மி செட்டப்பின் சில பதிப்புகள்) விண்டோஸே 32 பிட் மாற்றை உள்ளே வைத்திருக்கிறது, அவை தானாக ஓடிவிடும். இன்ஸ்டால்ஷீல்டு 3க்கு அந்தச் சலுகை இல்லை. வட்டைத் திறந்ததும் தெரியும் முதல் ஃபோல்டரில் அடிக்கோட்டில் தொடங்கும் "_செட்டப்.லிப்", "_செட்டப்.1" போன்ற ஃபைல்கள் இருந்தால் உங்களுடையது அந்த வகைதான்.

மருந்து: வைன்விடிஎம் என்ற திறமூல நிரல். ஜிப்பை விரித்து, மவுண்ட் செய்த ட்ரைவில் இருக்கும் செட்டப் ஃபைலை இழுத்து ஓட்விடிஎம் என்ற நிரலின் மேல் போட்டால் இன்ஸ்டாலர் திரை வரும். இரண்டு எச்சரிக்கை. டைரக்ட்எக்ஸ் 3 அல்லது 5 போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்களிடம் இருப்பது அதைவிடப் பல தலைமுறை புதிது. இன்ஸ்டால் ஆகும் இடத்தை ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஆக விடாமல் சி ட்ரைவில் கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். பழைய விளையாட்டுகள் சேவ் ஃபைலைத் தங்கள் ஃபோல்டரிலேயே எழுதும். ப்ரோகிராம் ஃபைல்ஸில் எழுத விண்டோஸ் விடாது, பேசாமல் யூசர் ஃபோல்டருக்குள் வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். பிறகு சேவ் எங்கே போனது, பேட்ச் ஏன் பிடிக்கவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஓட ஆரம்பித்தபின் நிறம் வானவில்லாகச் சிதறினால் அது 256 நிற டைரக்ட்டிரா (விண்டோஸின் பழைய படம் வரையும் முறை) சிக்கல். டிஜிவூடூ2 அல்லது சிஎன்சி-டிடிரா தரும் டிடிரா டிஎல்எல்லை விளையாட்டு ஃபோல்டரில் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பேட்டில்ஃபீல்ட் 1942 வேறு கதை. அதில் இருப்பது சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு. வட்டில் 00000001.டிஎம்பி என்ற ஃபைல் இருந்தால் சேஃப்டிஸ்க் என்று உறுதி செய்துகொள்ளலாம். அது செக்டிரைவ் என்ற ஒரு ட்ரைவரை விண்டோஸின் கருவுக்குள் (கெர்னல்) வைத்து வட்டைச் சோதித்தது. அந்த ட்ரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10இலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. பழைய விண்டோஸ் விஸ்டா, 7, 8இலும் 2015 செப்டம்பரில் வந்த கேபி3086255 அப்டேட் அதை நிறுத்திவிட்டது. ட்ரைவர் இல்லாததால் நிரல் ஆரம்பத்திலேயே சத்தமில்லாமல் செத்துப்போகிறது. நீங்கள் பார்ப்பது அதுதான்.

வலையில் எங்கோ கிடைக்கும் செக்டிரைவ் ஃபைலைக் கொண்டுவந்து விண்டோஸ் 11இல் திணிக்கச் சொல்லும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். கருவுக்குள் ஓடும் ட்ரைவர் அது, அதற்காகக் கையொப்பச் சோதனையையும் அணைக்கச் சொல்வார்கள். ஒரு விளையாட்டுக்காக, பேங்க் கணக்கு பார்க்கும் மெஷினில் அந்த வாசலைத் திறந்து வைப்பது எனக்கு ஏற்புடையது அல்ல. ஒரிஜினல் வட்டும் சிடி ட்ரைவும் இருந்தால் சேஃப்டிஸ்க்ஷிம் என்ற திறமூலக் கருவியை முயலலாம். அந்த ட்ரைவர் இல்லாமலே சோதனையை முடிக்க வைக்கும், வட்டு மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இணையம் இணைக்காத பழைய எக்ஸ்பி மெஷின்.

இமேஜிலிருந்தே ஓட்ட நினைத்தால் எக்ஸ்பியிலும் வெறும் ஐஎஸ்ஓ உதவாது. சேஃப்டிஸ்க் வட்டில் வேண்டுமென்றே கெடுத்து வைத்த செக்டர்கள் இருக்கும், இமேஜ் எடுக்கும்போது "ரீட் எர்ரர்" வரிசையாக வருவது வட்டின் கீறலால் அல்ல. அந்த எர்ரர்களையும் சேர்த்துப் பதியும் எம்டிஎஸ்/எம்டிஎஃப் அல்லது சிசிடி/இமேஜ்/சப் வடிவில் எடுக்க வேண்டும்.

சில விளையாட்டுகளுக்குத் தயாரித்தவர்களே வழி விட்டிருக்கிறார்கள், முதலில் அதைத் தேடுவது நல்லது. ஸ்டார்கிராஃப்ட்டுக்கு 2008இல் வந்த 1.15.2 பேட்சில் சிடி கட்டாயம் நீங்கியது. வட்டில் உள்ள இன்ஸ்டால் நிரல் ஃபைலை விளையாட்டு ஃபோல்டருக்குக் காப்பி செய்து ஸ்டார்கிராஃப்ட்.எம்பிக்யூ என்று பெயர் மாற்றினால் போதும், ப்ரூட் வார் வட்டின் அதே ஃபைலுக்கு ப்ரூட்வார்.எம்பிக்யூ.

---

பதில்: இருவட்டு

மரபுவழி சொன்னதோடு ஒன்று. பல வட்டு விளையாட்டுகளில் "இரண்டாவது வட்டைப் போடு" என்று கேட்கும்போது, முதல் ஐஎஸ்ஓவை எஜெக்ட் செய்யாமல் இரண்டாவதைத் திறந்தால் அது வேறு எழுத்தில் போய் உட்காரும். இன்ஸ்டாலர் ஆரம்பித்த எழுத்தை மட்டும்தான் பார்க்கும். முதலாவதை எஜெக்ட் செய்துவிட்டு இரண்டாவதை மவுண்ட் செய்யுங்கள், பெரும்பாலும் அதே எழுத்து கிடைக்கும். வின்சிடிஎமு என்ற மவுண்ட் நிரல் என்றால் மவுண்ட் செய்யும்போதே எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம், கியூ, எம்டிஎஸ், சிசிடி, என்ஆர்ஜி எல்லாம் திறக்கும். டாஸ்பாக்ஸில் ஒரே இமேஜ்மவுண்ட் வரியில் எல்லா வட்டுகளையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, கேட்கும்போது கண்ட்ரோல், எஃப்4 சேர்த்துத் தட்டினால் அடுத்த வட்டு வரும்.

ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்யும்போது "என்டிஎஃப்எஸ் வால்யூமில் இருக்கிறதா, கம்ப்ரெஸ் செய்த ஃபோல்டரா பாருங்கள்" என்ற பெட்டி வந்தால் அதை அப்படியே நம்புங்கள். பென்டிரைவில் இருந்து ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கம்ப்ரெஸ் டிக்கை எடுத்துவிட்டால் போய்விடும்.

---

சாளரம்98

எஸ் சுவிட்ச் போட்டதும் இசை வந்துவிட்டது, குவேக்ஸ்பாஸம், டாஸ்பாக்ஸ் இரண்டிலும். புதிர் விளையாட்டும் வைன்விடிஎம்மில் இன்ஸ்டால் ஆனது. எல்லாருக்கும் மிக்க நன்றி. பேட்டில்ஃபீல்டுக்கு யூஎஸ்பி சிடி ட்ரைவ் வாங்கி ஷிம் முயல்கிறேன்.

கடைசியாக ஒன்று: நண்பர் அவருடைய டூம்ப் ரெய்டர் (1996) வட்டை ட்ராக்குக்கு ஒரு பின் ஃபைல் என்று எடுத்து வைத்திருக்கிறார், கியூ ஒன்றே ஒன்று. அதன் இசையை எம்பி3 ஆக்கித் தரச் சொல்கிறார். பிசங்கில் கியூவைக் கொடுத்தால் முதல் ட்ராக்கோடு நின்றுவிடுகிறது.

---

பதில்: நிரல்நெசவு

பிசங்க் ஒரே பின் ஃபைலுக்காக எழுதப்பட்டது, இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாது. விளையாடுவதற்கு எதையும் தொட வேண்டாம், டாஸ்பாக்ஸ் பல ஃபைல் கியூவை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

இசைக்கு வெட்டும் வேலையே மிச்சம். ட்ராக் 02 முதல் உள்ள ஒவ்வொரு பின்னும் தலைப்பு இல்லாத வேவ் மாதிரிதான். ஆடாசிட்டியில் ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா போய் அதைத் திறந்து: சைன்ட் 16 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், ஸ்டீரியோ, தொடக்க இடம் 0, மாதிரி வீதம் 44100. இசை ஒலித்தால் எம்பி3 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். இரைச்சல் என்றால் பிக் எண்டியன் ஆக மாற்றித் திறங்கள். பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டு வந்தால் ஸ்டீரியோவுக்குப் பதில் மோனோ தேர்வாகியிருக்கிறது. ட்ராக் 01ஐ இதில் திறக்காதீர்கள், அது டேட்டா.

ட்ராக்கின் ஆரம்பத்தில் இரண்டு நொடி மௌனம் இருந்தால் அது ப்ரீகேப், எம்பி3இல் வேண்டாமென்றால் வெட்டிவிடலாம். பின் ஃபைலில் மட்டும் வெட்டாதீர்கள், கியூவில் எழுதியிருக்கும் இண்டெக்ஸ் நேரங்கள் அதை எண்ணித்தான் போடப்பட்டவை.